பாஸ்டு அவுட்

நம் ஊரில் இங்கிலீஷ் வாத்தியார்களுக்குப் பஞ்சமே இல்லை. 'காலேஜ் பாஸ்டு அவுட்' என்று ஒருவன் எழுதிவிட்டால் போதும், படிப்பை முடித்தாயா, மயங்கி விழுந்தாயா என்று நாலு பேர் பிரம்போடு வந்துவிடுவார்கள். 'ரிவர்ட் பேக்'குக்கு இன்னொரு அடி. 'ப்ரீபோன்' என்றால் பஞ்சாயத்தே கூடும்.

அந்தப் பிரம்போடு கள்ளக்குறிச்சிக்கு வாருங்கள் ஐயா. 2024 ஜூனில் கருணாபுரத்தில் நிஜமாகவே பாஸ்டு அவுட் ஆனார்கள். பாக்கெட் சாராயத்தில் மெத்தனால். வயிறு எரிந்தது, கண் மங்கியது, அப்புறம் மூச்சு. அறுபது பேருக்கு மேல் எழுந்திருக்கவே இல்லை. முதல் பிணங்கள் விழுந்தபோது, சாராயம் காரணமில்லை என்றது மாவட்ட நிர்வாகம். இந்தப் பிழைக்கு எத்தனை அடி?

இன்னும் இருக்கிறது. பிராந்தி விற்கும் அரசு நிறுவனத்துக்கு 1983-லிருந்து பெயர் 'ஸ்டேட் மார்க்கெட்டிங் கார்ப்பரேஷன்'. கத்தரிக்காய் விற்கிறார்கள் போலிருக்கிறது. 2003-ல் சில்லறைக் கடையையும் எடுத்துக்கொண்டார்கள். இதை மேய்க்கும் துறையின் பெயரிலேயே 'ப்ரொஹிபிஷன்', மதுவிலக்கு! எந்த அகராதி இது?

2023 மே மாதம் மரக்காணம், மதுராந்தகம் பக்கம் இருபது பேருக்கு மேல் செத்தபோது, இது கள்ளச்சாராயம் இல்லை, ஆலையிலிருந்து வந்த மெத்தனால் என்று காவல்துறை சொல்லைத் திருத்தியது. வாத்தியார் வேலையைச் செவ்வனே செய்தார்கள். அடுத்த ஆண்டு கருணாபுரம்.

உயிரை எடுக்கும் அளவு மெத்தனால் ஊறலில் ஊறுவதில்லை, ஆலையில் பிறப்பது. காவல்துறையே சொன்னதுதானே? அப்படியும் கருணாபுரத்துக்குப் பிறகு போலீஸ் படை ஏறியது கல்வராயன் மலைக்கு. வெல்லமும் வேலம்பட்டையும் போட்ட ஊறலைக் கொட்டிப் படம் பிடித்தார்கள். அடிப்படை வசதிகூட இல்லாமல் கிடக்கும் அந்த மலைக்காரர்களுக்காக உயர் நீதிமன்றமே அதே ஆண்டு தானாக முன்வந்து வழக்கு எடுக்க வேண்டியிருந்தது. ரோடு போகாத ஊருக்கு ரெய்டு மட்டும் எப்படித்தான் வழி கண்டுபிடித்துப் போகிறதோ!

கடைசியாக ஒரு சொல், 'எக்ஸ் கிரேஷியா'. லத்தீன், பிரம்புக்காரர்களுக்குப் பிடிக்கும். கடமையால் அல்ல, கருணையால் கொடுப்பது என்று பொருள். செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம். கருணாபுரத்துக்கே கருணை. காசு கொடுத்தது அரசாங்கம். அரசாங்கத்துக்குக் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மார்க்கெட்டிங் என்பார்கள்.