காட்டேரிக்கும் சீரியல் உண்டு

ரத்தக் காட்டேரிகளுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. வீட்டுக்காரர் வாய்திறந்து 'உள்ளே வா' என்று சொல்லாமல் வாசற்படியைத் தாண்ட முடியாது. அமெரிக்காவில் இது பெரிய பாதுகாப்பு. பெங்களூர் நீலசந்திராவில் செல்லாது. எங்கள் தெருவில் யாராவது சும்மா நின்றால் போதும், ஆள் யாரென்று தெரிவதற்கு முன்பே, "ஏன் கண்ணு வெளியவே நிக்கிற, உள்ள வா, ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போ" என்று ஏதாவது ஒரு வீட்டிலிருந்து குரல் வந்துவிடும். தெருவின் ஒரு முனையில் நுழையும் காட்டேரிக்கு, மறுமுனைக்கு வருவதற்குள் காபியிலேயே வயிறு நிறைந்துவிடும்.

தொண்ணூறுகளில் பெங்களூரில் ஒரு பேய் ராத்திரியில் கதவைத் தட்டுகிறது என்று புரளி கிளம்பி, ஜனங்கள் கதவுக்குக் கதவு கன்னடத்தில் 'நாளே பா' என்று எழுதிவைத்தார்கள். நாளைக்கு வா. பேய் படித்துவிட்டுத் திரும்பிப் போகும். மறுநாள் வந்து மறுபடியும் படிக்கும். பேய்க்கு இது சரி. காட்டேரிச் சட்டப்படி பார்த்தால் இது எழுத்துமூலமான அழைப்பு, தேதிதான் ஒருநாள் தள்ளி. ஸ்பைக் மாதிரி ஆளாக இருந்தால் ராத்திரி பன்னிரண்டு அடிக்கும் வரை படிக்கட்டில் உட்கார்ந்து சிகரெட் பிடித்துவிட்டு, தேதி மாறியதும் உரிமையோடு உள்ளே வந்திருப்பான்.

ஸ்பைக் என் தெய்வம். 'பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்' என்று 1997 முதல் 2003 வரை ஏழு சீசன் ஓடிய அமெரிக்கத் தொடரில் வருபவன். காட்டேரிகளை வேட்டையாடும் பள்ளிக்கூடப் பெண் பஃபிதான் கதாநாயகி. இரண்டாம் சீசனின் மூன்றாவது எபிசோடில், ஊர் எல்லையில் இருக்கும் 'நல்வரவு' பலகையைக் காரால் இடித்துச் சாய்த்துவிட்டு இறங்கினான். வெளுத்த முடி, நீளக் கறுப்புத் தோல் கோட்டு, வாயில் சிகரெட். (அந்தக் கோட்டைச் சென்னையில் போட்டால் வெயில் சுடுவதற்கு முன்பே வியர்வையில் செத்திருப்பான். பெங்களூருக்குப் பொருந்தும்.) ஊர்க் காட்டேரிகள் அப்போது ஒரு சின்னப் பையனைத் தலைவனாக வைத்துக்கொண்டு சடங்கு, சம்பிரதாயம், தீர்க்கதரிசனம் என்று மடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். எபிசோடு முடிவதற்குள் ஸ்பைக் அந்தத் தலைவனைக் கூண்டில் அடைத்து வெயிலுக்குத் தூக்கிக் காட்டிவிட்டான். இனிமேல் சடங்கு கம்மி, கூத்து ஜாஸ்தி என்று அறிவித்தான். ஆட்சியைப் பிடித்த கையோடு செய்த முதல் காரியம், டிவியில் என்ன ஓடுகிறது என்று பார்க்கப் போனது.

பி.யு.சி. படிக்கிற பெண்ணுக்கு வேறென்ன வேண்டும்? என் வீட்டில் சடங்கு மாசத்துக்கு நாலு, டிவி ஒன்றே ஒன்று.

எழுதியவர்கள் அவனைச் சில எபிசோடுகளில் தீர்த்துக்கட்டுவதாகத்தான் இருந்தார்கள். ஜனங்களுக்குப் பிடித்துப்போனதால் பிழைத்தான். ரசிகர் தயவில் உயிர் வாழ்வது எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. அப்பா பரம ரஜினி ரசிகர். ரஜினி இதே ஊரில் பஸ் கண்டக்டராக இருந்தவர் என்பதால் அப்பாவுக்கு அது சொந்தக்காரர் விஷயம். ஸ்பைக் சிகரெட் பற்றவைக்கும்போதெல்லாம், "இதெல்லாம் எங்காளு எப்பவோ பண்ணியாச்சு" என்று பேப்பரை மடிப்பார். என் ஆளுக்குக் கட்-அவுட் வைக்கவோ பால் ஊற்றவோ எனக்கு வசதியில்லை. ஹோசூர் ரோடு கல்லறைத் தோட்டம் வழியாகப் பஸ்ஸில் போகும்போது அவனுக்குத் தோதான ஒரு கல்லறையை ஜன்னல் வழியாகத் தேடுவேன், அவ்வளவுதான். ஸ்பைக் குடியிருப்பது கல்லறை மண்டபத்தில். டிவி, பிரிட்ஜ் எல்லாம் உண்டு. பத்து மாத அட்வான்ஸ் கிடையாது, வருஷா வருஷம் வாடகை ஏற்றம் கிடையாது, 'நீங்க நான்-வெஜ்ஜா' என்று கேட்க ஓனரும் கிடையாது. பெங்களூரில் குடித்தனம் இருந்தவர்களுக்குத்தான் இதன் புரட்சி புரியும்.

அம்மாவுக்கு இதெல்லாம் எட்டாமலே போயிருக்கும். 2002-இல் காவிரி விவகாரம் சூடானது. அப்படிச் சூடாகும்போதெல்லாம் இந்த ஊர்க் கேபிளில் தமிழ்ச் சேனல்கள் தலைமறைவாகிவிடும். மேட்டூருக்குத் தண்ணீர் போகிறதோ இல்லையோ, எங்கள் தெருவுக்கு 'மெட்டி ஒலி' வராது. அந்தத் தொடரின் ஐந்து பெண்களும் அம்மாவுக்குப் பெறாத மகள்கள். அவர்கள் கதி தெரியாமல், முறத்தில் முருங்கைக்கீரையைக் கொட்டிக்கொண்டு வேண்டாவெறுப்பாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இந்தப் பையன் என்ன வேலை பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல. ரத்தம் குடிப்பான்."

"யார் ரத்தம்?"

"முன்ன மனுஷங்க ரத்தம். இப்ப மண்டைக்குள்ள ஒரு சிப் வச்சுட்டாங்க, மனுஷங்களை அடிச்சா இவனுக்குத் தலை வலிக்கும். கறிக்கடையில பன்னி ரத்தம் வாங்கிக் குடிக்கிறான்."

"கறிக்கடையிலதான வாங்குது? நாமளும் ஞாயித்துக்கிழமை வாங்கறோமே. வெங்காயம், பூண்டு தட்டிப் போட்டு வதக்கித் தின்னா என்னவாம், பச்சையா குடிக்குது பைத்தியம்."

"பூண்டு ஆகாதும்மா."

அம்மாவின் கை நின்றது. ரத்தம் குடிப்பான், பூண்டு தொடமாட்டான். இது எந்த ஊர் ஆசாரம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. வீட்டாபிக்ஸ் என்கிற கோதுமைக் கட்டியை ரத்தத்தில் நொறுக்கிப் போட்டுக்கொள்வான் என்று சொன்ன பிறகுதான் சமாதானமானாள். "வெறும் வயித்துல குடிக்காம கூட எதையாவது போட்டுக்குதே, பரவாயில்ல."

கட்டிலில் படுத்திருந்த ஆயாவுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. "வேதாளம்டி அது" என்று ஒரே வார்த்தையில் கேஸை முடித்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போது சிரித்தேன். ரிச்சர்ட் பர்ட்டன் என்ற வெள்ளைக்காரர் 1870-இல் நம் விக்ரமாதித்தன் கதையை ஆங்கிலத்தில் எழுதியபோது 'விக்ரமும் வாம்பயரும்' என்றுதான் பெயர் வைத்தார் என்று பிறகு தெரிந்தது. 1985-இல் தூர்தர்ஷனில் வந்த 'விக்ரம் அவுர் பேதாள்' தொடரிலும் வேதாளத்துக்கு வெள்ளைமுடி. அந்தக் கதையில் ராஜா, சொன்ன வேலையைச் செய்பவன். கேள்வி கேட்டுவிட்டு முருங்கை மரத்துக்கே ஓடுவது வேதாளம். யார் கலகக்காரன் என்பதில் ஆயாவுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

அம்மாவை அவனிடம் சேர்த்தது அவனுடைய வீரம் இல்லை. பஃபியின் அம்மா ஜாய்ஸ், முதல் சந்திப்பிலேயே கோடரியால் அவன் மண்டையில் ஒன்று போட்டு, என் பொண்ணை விட்டு விலகு என்கிறாள். நூறு வருஷமாக லண்டனையும் நியூயார்க்கையும் நடுங்கவைத்தவன் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிறான். அம்மா முறத்தைத் தள்ளிவைத்தாள். அதே பையன் அடுத்த சீசனில் காதல் தோல்வியோடு அதே ஜாய்ஸ் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து அழுகிறான். அவள் சாக்லேட் பானம் கலந்து கொடுக்கிறாள். இவன், மேலே போட மார்ஷ்மெல்லோ இல்லையா என்று கேட்கிறான். "கேக்குது பாரு, நம்ம வீட்டுப் புள்ள மாதிரி" என்றாள் அம்மா. அவளிடம் இதற்கு மேல் ஒரு சான்றிதழ் கிடையாது.

அவன் 'பாஷன்ஸ்' என்கிற பகல்நேர சீரியலுக்கு அடிமை என்று தெரிந்த நாளில் மிச்சமிருந்த கோட்டையும் விழுந்தது. கட்டிப்போட்டு வைத்திருக்கிறார்கள். அவனுக்குக் கவலை சீரியல் ஆரம்பித்துவிட்டதே என்று. பிறகு ஒருமுறை ஜாய்ஸைப் பாதுகாப்புக்காக அவனுடைய கல்லறைக்கே கூட்டிவருகிறார்கள். வந்த ஆபத்தை விட்டுவிட்டு இருவரும் அந்த சீரியல் கதையை அலச ஆரம்பிக்கிறார்கள். வாரக்கணக்கில் 'மெட்டி ஒலி' இல்லாமல் காய்ந்துகிடந்த அம்மா அதைப் பார்த்த பார்வையில் பொறாமைதான் இருந்தது. "சுடுகாட்டுல இருக்கறவங்களுக்குக் கூட சீரியல் வருது."

ஜாய்ஸ் செத்தபோது அவன் பூங்கொத்தோடு வருகிறான். பஃபியை மயக்கத்தான் வருகிறான் என்று அவள் சிநேகிதன் விரட்டிவிடுகிறான். போட்டுவிட்டுப் போன பூவை எடுத்துப் பார்த்தால் அதில் பேர் எழுதிய சீட்டே இல்லை. எங்கள் தெருவில் மாலை போடுகிற ஒவ்வொருவரும் தன் பேர் தெரிகிற பக்கமாகத்தான் அதைத் திருப்பிப் போடுவார்கள். அம்மா ரொம்ப நேரம் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள். ஆய வேண்டிய கீரை எப்போதோ தீர்ந்திருந்தது.

அவன் முன்கதையையும் சொன்னேன். 1880-இல் லண்டனில் வில்லியம் என்ற பரமசாது. கவிதை எழுதுவான். கேட்டவர்கள் சிரித்தார்கள், நேசித்த பெண்ணும் உதறிவிட்டாள், அந்த ராத்திரியே காட்டேரி கடித்துவிட்டது. அவனுக்கு இருந்த 'வில்லியம் தி பிளடி' என்ற பயங்கரமான ரத்தப் பட்டம்கூட கொலையால் வந்ததில்லையாம், கவிதையின் தரத்தால் வந்ததாம். அந்தக் காலத்து லண்டனில் நம் அல்சூர் ஏரிக்கரையில் இருப்பதுபோல ஒரு தமிழ்ச் சங்கம் இருந்து, ஒரு கவியரங்கத்தில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தியிருந்தால் உலகத்தில் ஒரு காட்டேரி குறைந்திருக்கும்.

அவன் பேசும் லண்டன் ஆங்கிலமும் இரவல்தான். நடித்த ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ் கலிபோர்னியாக்காரர். அதைக் கேட்டு அமெரிக்க ரசிகைகள் சிலர் இடிந்துபோயிருக்கலாம். தமிழ் தெரியாத கதாநாயகிகள் தமிழ்நாட்டு மானத்தைக் காப்பாற்றுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது ஒரு செய்தியே இல்லை.

தமிழ்ச் சேனல்கள் திரும்பி வந்தன. அம்மா ஒரு வார்த்தை சொல்லாமல் 'மெட்டி ஒலி'க்குத் திரும்பிப் போனாள். ஆனால் அதில் யாராவது மருமகளைப் படுத்தும்போது, "அந்த வெள்ளமுடிப் பையனை ஒரு ராத்திரி இங்க அனுப்பினா தெரியும்" என்பாள்.

பல வருஷம் கழித்து, அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்: "ஆமா, அந்தப் பையன் என்ன ஆச்சு?"

2003-இல் கடைசி எபிசோடில் உலகத்தைக் காப்பாற்றப் போய் எரிந்து சாம்பலானான் என்றேன். உச்சுக்கொட்டினாள். சில மாதத்தில் 'ஏஞ்சல்' என்கிற வேறு தொடரில், வேறு சேனலில், அதே முடியோடு வந்துவிட்டான் என்றேன்.

உச்சுக்கொட்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்வதுபோல் முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். "நம்ம சீரியல்ல ஆள் உயிரோட இருக்கும்போதே 'இவருக்குப் பதில் இவர்'னு போடறான். அங்க செத்தவனையே தேடிப்போயி கூப்பிட்டிருக்கான்னா, சம்பளம் எவ்வளவு ஏத்திக் கேட்டிருப்பான் பாரு, கெட்டிக்காரப் பையன்."