எல்லாரும் மாமியார்கள்

வக்கீல் தப்பு செய்தால் விசாரிப்பது யார்? வேறு வக்கீல்கள்தான். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி, மாநில பார் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் மூன்று பேர், மூவரும் வக்கீல்கள். அந்தக் கவுன்சிலுக்கு ஓட்டுப் போடுகிறவர்களும் வக்கீல்களே. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற பாகுபாடெல்லாம் இங்கே கிடையாது. இங்கே எல்லாருமே மாமியார்கள்.

புகாரை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும். முடியாவிட்டால் இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும். அதற்கும் மேலே உச்ச நீதிமன்றம். வாய்தா வாங்கிப் பழகியவர்களுக்கு வழி சொல்லித் தரவா வேண்டும்?

தமிழ்நாட்டு வக்கீல் ஒருவர், காது கேளாத முதியவரின் புரோநோட்டு வழக்கைத் தாக்கல் செய்யாமலே ஏமாற்றினார். மாநிலக் குழு 6 ஆண்டு தடை விதித்தது. மேல்முறையீட்டில் அது 1 ஆண்டாக இளைத்தது. 1978இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ண ஐயர் தண்டனையை மாற்றியமைத்து, ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி செய்யச் சொன்னார்.

நல்ல எண்ணம்தான். ஒரே ஒரு சந்தேகம்: அந்த ஏழைகள் என்ன தப்பு செய்தார்கள்?