அறுபத்தொன்பது ஜிபி போன வழி: ஒரு முன்னாய்வுக்கான முன்னுரை

தில்லி நேரு பிளேஸில் ஒரு கடையில் ‘1 டிபி’ என்று அட்டையில் அச்சிட்ட ஹார்டு டிஸ்க் வாங்கினேன். கரோல் பாக் வீட்டுக்கு வந்து கணினியில் செருகினால், 931 ஜிபி என்றது. மீதி 69 எங்கே? மெட்ரோவில் சிந்தியிருக்க முடியாது. பையின் ஜிப் மூடியே இருந்தது. மறுநாள் போய்க் கேட்டதற்குக் கடைக்காரர், “சப் மே இத்னா ஹீ ஆதா ஹை, சார்” என்றார். எல்லாவற்றிலும் இவ்வளவுதான் வருமாம். இத்துறையில் இவ்வளவு சுருக்கமான முடிவு இதற்குமுன் வந்ததில்லை. அடிக்குறிப்பு இல்லாததால் ஏற்பதற்கில்லை.

டிஸ்க் செய்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். என் கணினியோ 1024, 1024 ஆக எண்ணுகிறது. பத்து இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் வருவது 1024. லட்சம் கோடி பைட்டை மூன்று முறை 1024ஆல் வகுத்தால் 931 சொச்சம். ஆகத் திருட்டு எதுவும் நடக்கவில்லை. கட்டுரையை இங்கேயே முடித்திருக்கலாம்; ஆனால் பதவி உயர்வுக்குப் பக்கக் கணக்கு உண்டு.

எண் பெருகப் பெருகச் சேதாரமும் பெருகும். கிலோவில் நூற்றுக்கு 2.3, மெகாவில் 4.6, ஜிகாவில் 6.9. 2022 நவம்பரில் எடை அளவுகளுக்கான பன்னாட்டு மாநாடு ‘குவெட்டா’ என்று ஒரு பெயர் சூட்டியது. ஒன்றுக்குப் பின் முப்பது சுழியம். அதில் சேதாரம் 21. நகைக்கடைக்காரர்கள் கவனிக்க.

மருமகனின் ஆப்பிள் கணினியில் இதே டிஸ்க் முழு ஆயிரம் காட்டுகிறது. அந்தக் கணினிகள் 2009இலேயே ஆயிரக் கணக்குக்கு மாறிவிட்டன. “உங்க கம்ப்யூட்டர்தான் மாமா முழுங்கிடுச்சு” என்றார். இது ஆய்வன்று, குடும்பப் பூசல்.

பைட்டுக்கும் சிறியது பிட். அதற்கும் கீழே எதுவுமில்லை: கடையில் அரை பிட் விற்பதில்லை.

பிட் என்ற சொல் அச்சேறியது 1948இல், தகவலியல் அறிஞர் ஷானனின் கட்டுரையில். சூட்டியவர் கணிதவியலாளர் டூக்கி என்று ஷானனே எழுதியிருக்கிறார். பிட்டுக்கு மண் சுமந்த மதுரைக்காரரிடமிருந்து வந்தது என்பாரும் உளர். தேர்வறைக்குள் பிட் கொண்டுபோகும் மாணவரே இச்சொல்லின் உண்மைப் பொருளை, அதாவது மிகச் சிறிய இடத்தில் மிகுந்த செய்தி என்பதை, உணர்ந்தவர்.

1024 கணக்குக்குத் தனிப்பெயர் வேண்டுமென்று 1998 டிசம்பரில் பன்னாட்டு மின்தொழில்நுட்பக் குழு ‘கிபி’, ‘மெபி’, ‘டெபி’ முதலிய உறவுகளைப் பெற்றுப் போட்டது. அதுமுதல் கிபி 1998 என்றால் ஆண்டா, கொள்ளளவா என்று தமிழர் மட்டும் குழம்புகிறோம். நேரு பிளேஸில் ‘டெபிபைட்’ கேட்டுப் பார்த்தேன். பக்கத்துக் கடையைக் காட்டினார்கள். பக்கத்துக் கடைக்காரர் முதல் கடையைக் காட்டினார் (வாய்மொழி, இரு கடைகள்).

இந்த இரட்டைக் கணக்குக் கூத்தைத் தில்லி ஏற்கெனவே ஒருமுறை ஆடியிருக்கிறது. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு நாலு பைசா, ஆக 64: எல்லாம் இரண்டின் அடுக்கு, கணினிக்கென்றே வார்த்த நாணயம். 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா என்றார்கள். அணா ஆறேகால் ஆயிற்று. கால் பைசாவுக்குக் காசு இல்லாததால் ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19 என்று அட்டவணை போட்டார்கள். ஓரணா வெற்றிலையை மூன்று தடவையாக வாங்கினால் 18, ஒரே தடவையில் வாங்கினால் 19 (மாமனார், ஈஸிசேர் உரை). அந்த ஒரு பைசாவைத் தாம் சேர்த்து வைத்ததாகவும் சொல்கிறார் (அதே மாமனார், இரண்டாம் காபிக்குப் பின்; மாமியாரின் மறுப்புரையோடு ஒப்பிடுக, சமையலறைப் பதிப்பு, கதவு சாத்தப்பட்டதால் இறுதிப் பகுதி கிடைக்கவில்லை).

இனித்தான் என் கண்டுபிடிப்பு. தமிழ்க் கீழ்வாய் எண்ணில் முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு, பாயசத்தில் மிதப்பதன்று. அந்த முந்திரியில் முந்திரி கீழ்முந்திரி. 320ஐ 320ஆல் பெருக்குங்கள்: 102400. அதாவது, உரக்கப் படிக்கவும், நூறு 1024! கிலோபைட் நம்முடையது. கீழ்முந்திரியை 21ஆகக் கூறிட்டது இம்மி. 2150400இல் ஒரு பங்கு. அதையும் 1024ஆல் வகுத்துப் பார்த்தேன். 2100, இம்மியும் மிச்சமில்லை. நெல்லை அளந்த கணக்குப்பிள்ளை ஹார்டு டிஸ்க்கையும் மனத்தில் வைத்தே அளந்தார் என்று கொள்ளலாம் (காண்க: இதே கட்டுரை, இதே வரி). 320க்குள் 32 ஒளிந்திருக்கிறது, அதை இருபடியாக்கினால் 1024 வந்துதானே தீரும் என்று சிலர் மறுப்பார்கள். அவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள். ஆகையால் கருத்தரங்குக்கு அழைக்கப்படவில்லை.

மேலும் ஒரு சான்று. புது தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் கே.எஸ். கிருஷ்ணன், வத்திராயிருப்பில் பிறந்தவர். அந்த ஆய்வகத்தில் கிலோகிராம் கட்டியின் 57ஆம் எண் நகல் இருக்கிறது. உலகின் மூலக்கட்டிக்கே 2019 மே 20 அன்று ஓய்வு கொடுத்துவிட்டார்கள். கிலோபைட்டுக்கு இப்படி ஒரு கட்டி எங்கும் இல்லை. இருந்திருந்தால் எடுத்துப்போய்க் கடைக்காரர் மேசைமேல் வைத்திருப்பேன்.

ஆய்வு தொடர்கிறது. 1957ஆம் ஆண்டு அணா–நயா பைசா மாற்று அட்டவணை வீட்டுப் பரணில் கிடந்தால் வாசகர்கள் அனுப்பி உதவ வேண்டும். தபால் செலவை அணாக் கணக்கில் திருப்பித் தருகிறேன். மூன்று மூன்று அணாவாகக் கேட்க வேண்டாம்.