படச்சந்தி இலக்கணம்: குழுப்படத்தில் பெரியப்பாவைச் சேர்ப்பது பற்றிய ஆய்வு

கல்யாணக் குழுப்படம் எடுத்த நேரத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்த பெரியப்பாவைப் பிற்பாடு கணினி வழியாக அப்படத்துக்குள் கொண்டுவந்து நிறுத்துவது படச்சந்தி எனப்படும். ஏற்கெனவே உள்ள குழுப்படம் நிலைப்படம். வேறொரு படத்திலிருந்து வெட்டி எடுக்கப்படும் பெரியப்பா வருபடம். நிலைமொழியும் வருமொழியும் சேரும்போது நிகழும் தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூன்று விகாரங்களும் இங்கும் உண்டு. பெரியப்பா தோன்றுகிறார், அவருடைய நிறம் திரிகிறது, அவர் நிற்க வேண்டிய இடத்தில் நின்ற ஒன்றுவிட்ட தம்பி கெடுகிறார். மாற்றம் ஏதுமின்றி இரண்டு படங்கள் சேரும் இயல்புச் சந்தி, கற்றுக்குட்டியின் கையில் நிகழ்வதில்லை.

இக்கலை கணினிக்கு மூத்தது. 1857இல் இங்கிலாந்தில் ஆஸ்கர் ரைலாண்டர் என்ற புகைப்படக் கலைஞர் 30க்கும் மேற்பட்ட நெகடிவ்களைச் சேர்த்து ஒரே படமாக அச்சிட்டார். அடுத்த ஆண்டே ஹென்றி பீச் ராபின்சன், சாகக் கிடக்கும் ஒரு பெண்ணையும் அவளைச் சுற்றியுள்ள குடும்பத்தையும் ஐந்து நெகடிவ்களிலிருந்து ஒன்றாக்கினார். குடும்பம் முழுவதையும் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் நிறுத்துவது எந்தத் தேசத்திலும் எளிதன்று என்பது இதனால் பெறப்படும்.

தாமஸ் நோல், ஜான் நோல் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் உருவாக்கிய போட்டோஷாப் 1990இல் விற்பனைக்கு வந்தது. லேயர் வசதி அதில் சேர்ந்தது 1994இல், மூன்றாம் பதிப்பில்தான். லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் போன்றது. ஒரு தாளில் இருப்பவரை மற்றவர் மேல் படாமல் நகர்த்தலாம். உறவினர்களிடையே இவ்வசதி வேறெங்கும் கிடையாது. காசு கொடுக்க விரும்பாத மாணவர்க்குக் கிம்ப் என்ற இலவச மென்பொருளும் உண்டு; பிழைகள் இரண்டிலும் ஒன்றே.

முதல் படி வெட்டுதல். கற்றுக்குட்டி முதலில் தொடுவது மேஜிக் வாண்ட். சொடுக்கிய புள்ளியின் நிறத்தை ஒத்த பக்கத்துப் புள்ளிகளையெல்லாம் அது தேர்ந்துகொள்ளும். எவ்வளவு ஒத்திருக்க வேண்டும் என்பதை டாலரன்ஸ் என்ற எண் முடிவு செய்யும். போட்டோஷாப்பில் அது 32 என்று வைக்கப்பட்டிருக்கும். பெரியப்பாவோ வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியுடன் வெள்ளைச் சுவரின் முன் நிற்கிறார். சுவரை நீக்கினால் சட்டையும் போகிறது. எண்ணைக் குறைத்தால் சட்டை மீள்கிறது, சுவரும் திட்டுத்திட்டாக மீள்கிறது. மஞ்சள் சட்டை அணிந்த உறவினரிடம் இச்சிக்கல் எழாது. ஆனால் அவர் எல்லாப் படத்திலும் ஏற்கெனவே இருப்பார்.

பென் டூலால் புள்ளி வைத்துக் கோட்டை வளைத்து வெட்டுவதே முறையான வழி. இதற்குப் பொறுமை வேண்டும். வெட்டியதை அழிக்காமல் மாஸ்க்கால் மறைப்பது அதனினும் நன்று. மாஸ்க்கில் வெள்ளை பூசிய இடம் தெரியும், கறுப்பு பூசிய இடம் மறையும், சாம்பல் பூசிய இடம் பாதி தெரியும். அழித்த காது திரும்பாது. மறைத்த காது வெள்ளை பூசினால் திரும்பும். விளிம்பை மென்மையாக்கும் பெதரைப் போடாவிட்டால் பெரியப்பா அட்டையில் வெட்டி ஒட்டியவராவார். கூட்டிப் போட்டால் காலண்டர் கடவுளைப் போல ஒளிவட்டம் பெறுவார்.

இவ்விடத்தில் உரிமையாளரற்ற கை என்னும் சிக்கலையும் சொல்ல வேண்டும். வருபடத்தில் யாரோ பெரியப்பாவின் தோளில் கை போட்டிருப்பார். ஆளை நீக்கிய பின்னும் நான்கு விரல்கள் தோளிலேயே தங்கிவிடும். குழுப்படத்தில் தலைகளை எண்ணி, அதை இரண்டால் பெருக்கி, தெரியும் கைகளோடு ஒப்பிடுவது இதற்கான சோதனை. கை குறையலாம், மிகலாகாது.

இரண்டாம் படி அளவு. அகலத்தையும் உயரத்தையும் விகிதத்தில் பூட்டாமல் இழுத்தால் பெரியப்பா நீள்வார், இஃது அளபெடை. விகிதம் சரியானாலும் உயரம் தவறலாம். நிற்பவர்களின் கண்மட்டத்தில் கேமராவை வைத்து எடுத்த படத்தில், சமதரையில் முன்னும் பின்னும் நிற்கும் ஒத்த உயரத்தாரின் கண்கள் ஏறக்குறைய ஒரே கோட்டில் அமையும். பாதங்கள்தாம் மேலும் கீழுமாக விலகும். மாணவரோ பாதங்களை ஒரே கோட்டில் நிறுத்துகிறார். விளைவாக, பின்வரிசைப் பெரியப்பா முன்வரிசைக் குழந்தைகளுக்குச் சமவயதினராகிறார்.

மூன்றாம் படி ஒளி. மண்டபத்தில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழுகிறது. பெரியப்பாவின் மூக்கு நிழலும் இடப்பக்கமே விழுகிறது. அவரைக் கிடைமட்டமாகத் திருப்பிப் போட்டால் ஒளி சரியாகும். ஆனால் சட்டைப் பையும் கைக்கடிகாரமும் பக்கம் மாறும். மண்டபத்து மஞ்சள் விளக்கில் எல்லாரும் பொன்னிறமாயிருக்க, வீட்டு டியூப்லைட்டில் எடுக்கப்பட்டவர் மட்டும் நீலம் பாரித்து நிற்பார். கர்வ்ஸ், கலர் பேலன்ஸ் ஆகியவற்றால் இதைத் திருத்தலாம். தரையில் விழும் நிழலைக் கறுப்புத் தூரிகையால் தனி லேயரில் வரைந்து, பாதத்தருகே அழுத்தமாகவும் விலக விலக மங்கலாகவும் அமைக்க வேண்டும். நிழலில்லாதவர் தரையில் நிற்பதில்லை, மிதக்கிறார். இத்தொல்லைக்கு அஞ்சியே கற்றுக்குட்டிகள் அனைவரும் வருபடத்தை நாற்காலி வரிசைக்குப் பின்னால் நிறுத்துகின்றனர். பாதம் மறைந்து வருவதால் இது கால்தொகை.

நான்காம் படி தெளிவு. வாட்ஸ்அப்பில் பலமுறை சுற்றி வந்த படத்தில் சுருக்கத்தின் அடையாளம் கட்டம்கட்டமாகத் தெரியும். ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிச் சதுரங்களாகப் பிரித்தே சுருக்குகிறது. அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கினாலோ முகம் மட்டும் பனிமூட்டத்துக்குள் இருக்கும். இல்லாத விவரத்தை மாணவரால் வரவழைக்க முடியாது. குழுவினர் அனைவரையும் சற்றே மங்கலாக்கிச் சமத்துவம் காண்பதே நடைமுறை.

கெடுதல் விகாரத்துக்குக் கருவி குளோன் ஸ்டாம்ப். ஓரிடத்துப் புள்ளிகளை நகலெடுத்து மற்றோரிடத்தில் பூசி அது ஆளை மறைக்கும். ஒன்றுவிட்ட தம்பி நின்ற இடத்தில் மேடை அலங்காரத்தின் அதே ரோஜாக்கொத்து மூன்றுமுறை அடுத்தடுத்து வரும். தனித்தனியே பிரித்தாலும் பொருள் தருவதால் இஃது இரட்டைக்கிளவி அன்று, அடுக்குத்தொடர்.

ஒரே தொடுதலில் ஆளை வெட்டித் தரும் செயலிகள் கைபேசியிலேயே வந்துவிட்ட பின் இவ்விலக்கணம் எதற்கு என்பாரும் உளர். அச்செயலிகள் வெட்டித் தரும். யார் பக்கத்தில் நிறுத்துவது, யாரை விட்டுத் தள்ளி நிறுத்துவது என்பதைப் பெரியம்மாதான் சொல்ல வேண்டும். அது மென்பொருளில் அடங்காது.

எல்லாம் முடிந்தபின் மிதக்கும் செருப்பும் தோளில் தங்கிய நான்கு விரல்களும் கண்ணில் பட்டாலும், வந்தவரைக்கும் சரி என்று குடும்பம் படத்தைக் கூடத்தில் மாட்டிவிடும். இது வழுவமைதி. பெரியப்பா மட்டும் இதில் அடங்கார். மகிழ்ச்சியில் லேயர்களை ஒன்றாக ஒட்டி ஜேபெக்காகச் சேமித்து, மூலக்கோப்பை மாணவர் அழித்த பிறகே, பின்வரிசையில் ஏன் நிறுத்தினாய், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிறுத்து என்பார். ஜேபெக் கோப்பில் லேயர் தங்காது. வேலை மறுபடி வெள்ளைச் சுவரிலிருந்து தொடங்கும். ஆகவே பெரியப்பா பார்த்து ஒப்புக்கொள்ளும் வரை லேயர்கள் தங்கும் பிஎஸ்டி மூலக்கோப்பை அழிக்கலாகாது.