ரிவெட்காரர்

இங்கிலாந்தில் மாதிரி ரயில் கண்காட்சி எங்கே நடந்தாலும் ரிவெட்காரரைப் பார்க்கலாம். பள்ளிக்கூட மண்டபம், நீளமான மேசைகள், மூலையில் தேநீரும் கேக்கும். எல்லோரும் ஓடுகிற ரயிலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவர் மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூக்கு மேசையில் இடிக்கக் குனிந்து, நிற்கிற ரயிலைப் பார்ப்பார். ஓடினால் தகடுகளை இணைக்கிற ரிவெட் ஆணிகளை எண்ண முடியாதே!

நக்கீரரின் கோபமாவது ஒரு செய்யுளோடு நின்றது. இவருக்கு ஒவ்வொரு வேகனும் ஒரு செய்யுள். அதிலும் ராணுவ ரயில் என்றால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொள்வார். மற்ற ரயில்களுக்குக் கால அட்டவணை இருந்தால் போதும். ராணுவ ரயிலுக்கு ஒரு போரே அத்தாட்சியாக நிற்க வேண்டும்.

முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “இது எந்த வருஷம்?”

காக்கி எஞ்சின் இழுக்கிற வேகன்களில் ஷெர்மன் டாங்கிகளை ஏற்றிப் பெருமையாக ஓட்டிக்கொண்டிருந்தவர் யோசிக்காமல் “1943” என்று சொல்லிவிட்டார். போதுமே. “இது ராபர்ட் ரிடில்ஸ் போர்க்காலத்துக்கென்று வடிவமைத்த எஞ்சின். மொத்தம் 935 செய்தார்கள். நீங்கள் ஒட்டியிருக்கிற எண் 77-இல் தொடங்குகிறது. பழைய எண்களோடு 70000 கூட்டியது பிறகுதான். 1943-இல் அந்த எழுபதாயிரம் எங்கிருந்து வந்தது, நண்பரே?”

“என் ரயில், என் இஷ்டம்” என்றார் உரிமையாளர். மாதிரி ரயில்காரர்கள் இதை ‘முதல் விதி’ என்பார்கள். இந்த விதிக்கு மேல்முறையீடு கிடையாது. ரிவெட்காரர் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

பாவம், ராணுவமே பல சமயம் அவர் காலை வாரிவிடும். கென்ட் கடற்கரையில் ரோம்னி என்றொரு குட்டி ரயில் பாதை உண்டு. தண்டவாள அகலம் வெறும் 15 அங்குலம். 1927-இல் உல்லாசப் பயணிகளுக்காகத் திறந்தது. இரண்டாம் உலகப் போரில் ராணுவம் அதை எடுத்துக்கொண்டு, ‘ஹெர்குலிஸ்’ என்ற குட்டி எஞ்சினுக்கு இரும்புக் கவசம் மாட்டி, வேகன்களில் இயந்திரத் துப்பாக்கி ஏற்றி, நிஜமான கவச ரயிலாக ஓட்டியது. புகைப்படம் மட்டும் இல்லாவிட்டால், இதைச் செய்து கொண்டுவருகிற ஆளை ரிவெட்காரர் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்.

1960-களில் ட்ரையாங் என்ற பொம்மைக் கம்பெனி ‘பேட்டில் ஸ்பேஸ்’ என்ற பெயரில் ராக்கெட் வீசும் வேகன்களைப் பிள்ளைகளுக்கு விற்றது. சுத்தக் கற்பனை என்று இவர் இன்றைக்கும் முகம் சுளிக்கிறார். ஆனால் 1986-இல் அமெரிக்கா 25 ரயில்களில் 50 ஏவுகணைகளை ஏற்றத் திட்டம் போட்டது, 1991-இல் கைவிட்டது. சோவியத் யூனியனோ 1987 முதல் நிஜமாகவே ஏவுகணை ரயில்களைக் காவலுக்கு நிறுத்தியது. பொம்மைக் கம்பெனி இருபது வருஷம் முந்திக்கொண்டது, அவ்வளவுதான்!

அந்த சோவியத் ரயிலை இவரே செய்தார், அணுவளவும் பிசகாமல். நிஜ ஏவுகணை வேகன் சாதாரணக் குளிர்பதன வேகன் வேஷத்தில்தான் திரிந்தது. பாரம் தாங்க எட்டு அச்சுகள் இருப்பதுதான் காட்டிக்கொடுக்கும். துல்லியமாகச் செய்ததால் கண்காட்சியில் ஒருவர்கூட நின்று பார்க்கவில்லை; மீன் ஏற்றிப் போகிறது என்று நினைத்துக்கொண்டார்கள். அச்சுகளை எண்ணத் தெரிந்தவர் அந்த மண்டபத்தில் இவர் ஒருவர்தான். பனிப்போர்க் காலத்தில் பிறந்திருந்தால் உளவுத்துறையில் நல்ல சம்பளம் கிடைத்திருக்கும்.

இவருக்கென்று ரசனையே கிடையாதா என்றால், உண்டு. அதற்கும் தேதி போட்டுவிடுவார். ஹாம்ப்ஷயரில் லாங்மூர் என்ற ராணுவப் பயிற்சி ரயில் பாதை இருந்தது, 1969-இல் மூடினார்கள். அங்கே ஓடிய ‘கோர்டன்’ எஞ்சினுக்குப் பளிச்சென்ற நீல நிறம், சிவப்புக் கோடு. இன்று செவர்ன் வேலி ரயில் பாதையின் வசம் இருக்கிறது. ராணுவ எஞ்சினுக்கு நீலமா என்று யாராவது சிரித்தால் இவர் அரைமணி நேரம் பாடம் எடுப்பார். இவர் வீட்டு கோர்டன் மட்டும் காக்கி. நீலம் பிடிக்காது. அதைச் சொல்லுவாரா? “என்னுடையது நீலம் பூசுவதற்கு முந்தைய கோர்டன்” என்பார். முதல் விதியையே சரித்திர ஆதாரத்தோடு பயன்படுத்தத் தெரிந்தவர்!

ஒரு பையன்தான் ஒருநாள் ஸ்கேலை வைத்து அவருடைய தண்டவாளத்தையே அளந்துவிட்டான். ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற கணக்கில் அகலம் 18.83 மில்லிமீட்டர் வர வேண்டும். கடையில் விற்கிற தண்டவாளம் 16.5. நிஜத்தில் ஏழு அங்குலம் குறைந்த பாதையில் அவருடைய போர் முழுக்க நடந்துகொண்டிருக்கிறது.

அவர் அசரவில்லை. சரியான அகலத்துக்கு மாறினால் வளைவுகளையும் பெரிதாக்க வேண்டும், அதற்குப் பக்கத்து அறை வேண்டும், அங்கே மனைவியின் தையல் மெஷின் இருக்கிறது என்றார். “நகர்த்திவிடலாமே” என்றான் பையன்.

“நீ வந்து கேட்கிறாயா?” என்றார் ரிவெட்காரர்.