ஓசைக்கும் ஒரு விலை

ரோல்ஸ் ராய்ஸின் அக்கறையே அக்கறை. மணிக்கு 60 மைல் வேகத்திலும் காருக்குள்ளே கேட்கும் பெரிய சத்தம் கடிகாரத்தினுடையதுதான் என்று 1958-இல் விளம்பரம் செய்தார்கள். அந்தக் கடிகாரத்துக்கு எவ்வளவு அவமானம்! 2020-இல் வந்த புதிய கோஸ்ட் காரில் 100 கிலோவுக்கு மேல் ஒலித்தடுப்புப் பொருள். ஆனால் முழு நிசப்தம் ஆளையே தடுமாற வைத்ததாம். உடனே மெல்லிய முணுமுணுப்பு ஒன்றைத் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். சத்தத்தைத் துரத்தவும் காசு, அதையே கூப்பிட்டு உட்காரவைக்கவும் காசு. இதுவல்லவா பொறியியல்! சக்கரத்திலும் அதே அக்கறைதான்: அது எப்படிச் சுழன்றாலும் நடுவிலுள்ள இரட்டை 'ஆர்' சின்னம் மட்டும் தலைகீழாகாது, நிமிர்ந்தே நிற்கும். ஆங்கிலேய மிடுக்கு என்றால் அப்படித்தான். முதலாளி மட்டும் மியூனிக்கில் இருக்கும் பி.எம்.டபிள்யூ. அதனால் என்ன? கதவுக்குள் குடை செருகியிருக்கிறார்களே, மழையாவது இன்னும் பிரிட்டனுடையதுதான்.