வெந்நி போட்டது யாரு?

ஏட்டி தாயி, வீட்டுக்குள்ள குளியல் தொட்டி வச்சிட்டியாமே! ஆச்சி போன்ல படத்தைக் காட்டுனா. நாலு பக்கமும் மெழுகுவத்தி, தண்ணி பூரா ரோசாப்பூ, ஓரத்துல ஊதுவத்தி, நடுவுல கண்ணை மூடிக்கிட்டு ஒரு மூஞ்சி. யாருக்கு என்ன ஆச்சோன்னு பதறிப்போனேன். "பதறாதீக, பேத்தி குளிக்கா"ன்னா ஆச்சி. குளிக்கதுக்கா இம்புட்டு அலங்காரம்?

நல்லதுதான். வாரம் பூரா கம்ப்யூட்டர் முன்னால குனிஞ்சு கெடக்குத பிள்ள, ஒரு நாளு ஊறிட்டுப் போட்டும். ஆனா குளிக்கதுலயும் நாலு சூச்சுமம் இருக்கு. வயசானவன் சொல்லுதேன். கேட்டா கேளு, கேக்காட்டி சொறிஞ்சுக்கோ.

மொதல்ல தொட்டிக் கணக்கு. கரிசக்காட்டுல பொறந்தவனுக்குத் தொட்டி புதுசா? கோவில்பட்டிப் பக்கம் எந்தத் தோட்டத்துக்கு வேணாலும் போய்ப் பாரு, பம்புசெட்டுக்கு முன்னால ஒரு தொட்டி நிக்கும். அஞ்சு ஹெச்.பி. மோட்டாரைத் தட்டிவிட்டுக் குழாய்க்குக் கீழ முதுகைக் காட்டுனா, விழுத தண்ணியில எலும்பு எலும்பா சுளுக்கு விட்டுப் போகும். அதையே உங்க ஊர்ல மசாஜுன்னு பேரு வச்சுக் காசு வாங்குதாங்க. எங்களுக்குக் கரண்டும் இலவசம், மசாஜும் இலவசம். குளிச்ச தண்ணி நேரா மொளகாச் செடிக்குப் போயிரும்.

உன் தண்ணி எங்க போவுது? சாக்கடைக்கு. வீட்டுத் தொட்டி ஒண்ணு ரொம்ப 150 லிட்டர் ஆவும்ங்காங்க. வாளிக்கு 20 லிட்டருன்னு வையி, ஏழெட்டு வாளி. அதுவும் எந்த ஊர்ல? 2019 ஜூலையில ஜோலார்பேட்டையிலேருந்து ரயில்ல தண்ணி கொண்டாந்தாங்களே, அதே சென்னையில. 50 வேகன், 25 லட்சம் லிட்டரு. அப்ப நீ குடத்தைத் தூக்கிக்கிட்டு லாரிக்குப் பின்னால ஓடுன படமும் ஆச்சி போன்ல பத்திரமா இருக்கு.

தொட்டியை இடின்னா சொல்லுதேன்? ஜப்பான்காரன் தொட்டிக்கு வெளியிலயே அழுக்குத் தேச்சுக் குளிச்சு முடிச்சிட்டுத்தான் உள்ள எறங்குதான். உள்ள சோப்பே கெடையாது, ஊற மட்டுந்தான். தண்ணி சுத்தமா இருக்கதால ஒருத்தர் மாத்தி ஒருத்தரா வீடே அதுல ஊறிக்கிடும். நீயும் அப்படிச் செய்யி. மிச்சத் தண்ணியை வாளியில மோந்து கக்கூசுக்கு ஊத்து.

அடுத்தது அந்தக் குண்டு. 'பாத் பாம்'னு சொன்னதுமே ஆச்சி கதவைச் சாத்திட்டா. படிச்சவன் எவனும் பக்கத்துல இல்ல, அதனால போன்ட்டயே வாயால கேட்டேன், அது சொல்லிட்டு. 1989-ல இங்கிலாந்துல மோ கான்ஸ்டன்டைன்னு ஒரு அம்மா கண்டுபிடிச்சதாம். உள்ள என்ன சரக்குங்க? ஆப்பசோடாவும் எலுமிச்சை உப்பும். தண்ணி பட்டதும் ரெண்டும் சண்டை போட்டுப் பொங்குது. அந்த நொரையில வாரது கோலி சோடாவுல வார அதே காத்துதான். கலரும் வாசனையும் சேத்துட்டா வெலை ஏறிப்போவுது. கண்ணுக்கு வேடிக்கையா இருக்கு, வேண்டாங்கல. ஆனா உன் தோலு சின்னதுலேருந்தே லேசுல அரிக்கும். வாசனைச் சரக்கு அப்படிப்பட்ட தோலுக்கு ஆவாதுன்னு தோல் டாக்டர்களே சொல்லுதாக. காசு குடுத்துச் சொறி வாங்காத.

எப்சம் உப்பு போடுதியாமே? அது யாருன்னு தெரியுமா? இங்கிலாந்துல எப்சம்னு ஒரு ஊரு, அங்க உள்ள ஊத்துத் தண்ணியில கெடைச்ச உப்பு. நம்ம நாட்டு மருந்துக் கடையில அதுக்குப் பேதி உப்புன்னு பேரு. வயித்தைக் கழுவ நாங்க மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்ச உப்புல நீ மெழுகுவத்தி ஏத்தி ஊறுத! அதுல இருக்குத மக்னீசியம் தோல் வழியா உள்ள ஏறி வலியை எடுக்கும்ங்கதுக்குக் கெட்டியான ஆதாரம் கெடையாது. வலி கேக்குதுன்னா அந்தப் பெருமை வெந்நிக்குத்தான் சேரும்.

இன்னொண்ணு, அட்டைப்பெட்டியில நாடா கட்டி வந்திருக்கே, முதுகு தேய்க்க 'லூஃபா'. அதைப் பாத்துட்டு ஆச்சி சிரிச்ச சிரிப்புல பல் செட்டு கழண்டுபோச்சு. நம்ம வேலியில முத்திக் காஞ்சு தொங்குத பீர்க்கங்கூடு தாயி அது! போன மாசந்தான் நாலஞ்சைக் குப்பையில போட்டோம். சரி, வாங்கினது வாங்கிட்ட. குளிச்சதும் நல்லா அலசி வெயில்ல காயப் போடு. ஈரத்தோட மூலையில போட்டா அதுல கிருமிதான் குடும்பம் நடத்தும்.

இப்ப தோலு விசயத்துக்கு வாரேன். மேல்தோலு காயாம இருக்கதுக்கு உடம்பே கொஞ்சம் எண்ணெய்ப்பசை வச்சிருக்கு. நீ கொதிக்கக் கொதிக்க வெந்நி ஊத்துனா அது கரைஞ்சு ஓடிரும். தோலு லேசான புளிப்புக் குணம், பி.எச். கணக்குல 5 பக்கத்துல நிக்கும். சோப்புக்கட்டி 9, 10-னு காரம். நிதம் ரெண்டு வேளை தேச்சா, புளிப்பும் போயிரும் பசையும் போயிரும். அதுக்குப் பொறவு அதே கடையில போயி கிரீம் வாங்குத. ஒரே கடைக்காரனுக்கு ரெண்டு யாவாரம்!

அமெரிக்காவுல இருக்குத தோல் டாக்டர் சங்கம் என்ன சொல்லுது? இளஞ்சூட்டுத் தண்ணி, அஞ்சுலேருந்து பத்து நிமிசம், குளிச்சதும் துண்டால ஒத்தி எடுத்துட்டு ஈரம் காயுமுன்ன கிரீமு தடவு. இதுல எந்த இடத்துலயாவது ரோசாப்பூ வருதா? விரலு சுருங்குச்சுன்னா எந்திரிச்சு வெளிய வா. மெழுகுவத்தி தீருத வரைக்கும் கெடக்கணும்னு ஒரு சட்டமும் இல்ல.

தூக்கம் வரலன்னு அழுதியே, அதுக்கும் வழி இருக்கு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்காரங்க, அதுவரைக்கும் நடந்த ஆராய்ச்சிகளை எல்லாம் கூட்டிப் பாத்து 2019-ல சொன்னாங்க. படுக்கப் போறதுக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம் முந்தி, 40 டிகிரிக்குக் கொஞ்சம் மேல உள்ள வெந்நியில பத்து நிமிசம் குளிச்சாலே தூக்கம் சீக்கிரம் வருதாம். வெந்நி பட்டதும் ரத்தம் கை காலுக்கு ஓடி, உள்சூடு வெளிய எறங்கும். சூடு எறங்குனா கண்ணு சொக்கும். குளிச்ச கையோட போனை எடுத்து நோண்டுனா டெக்சாஸ்காரன் பொறுப்பில்ல.

எண்ணெய்க் குளியலைப் பத்திக் கேட்டியே, சொல்லுதேன். நல்லெண்ணெயை ரெண்டு மொளகு, கொஞ்சம் சீரகம் போட்டுச் சூடாக்கு. கை பொறுக்குத சூட்டுல உச்சியிலேருந்து உள்ளங்கால் வரைக்கும் தேய்யி. அரை மணி நேரம் சும்மா இரு. சும்மாதான், ரீல்ஸ் பாத்துக்கிட்டு இல்ல. பொறவு வடிகஞ்சியில கொழைச்ச சீயக்காயோ அரப்போ போட்டு இளஞ்சூட்டு வெந்நியில குளி. சீயக்காய்க்குள்ள இயல்பாவே நொரைக்குத சரக்கு இருக்கு. எண்ணெயை எடுக்கும், ஆனா சோப்பு அளவுக்குத் தோலைக் காயப்போடாது. மூஞ்சியில பரு இருந்தா மூஞ்சியில மட்டும் எண்ணெய் வைக்காத. எள்ளு ஒத்துக்கிடாதவுக நல்லெண்ணெய்ப் பக்கமே போகக்கூடாது. படை, கரப்பான்னு தோல் வெடிச்சிருந்தா என்கிட்ட வராத, டாக்டர்ட்டப் போ.

ஆச்சி சொன்னான்னு உன் கைப்பிள்ளைக்கு மூக்குலயும் காதுலயும் எண்ணெய் விட்டுராத. மூக்குல விட்டா நுரையீரலுக்குப் போயிரும்னு பிள்ளை டாக்டர்க தலையில அடிச்சுக்கிடுதாக. எண்ணெய்க் காலோட டைல்ஸ்ல நடக்காத. நம்ம ஊரு செங்கத் தரை உன்னைப் பிடிச்சு நிறுத்தும், டைல்ஸ் பிடிக்காது. கேஸ் கெய்சர்னா சன்னலைத் தொறந்து வையி. சன்னல் இல்லன்னா அந்தக் கெய்சரே வேண்டாம். அடைச்ச அறையில அதுலேருந்து வார நச்சுக் காத்துக்கு வாசனையும் கெடையாது, கலரும் கெடையாது. ஆளு மயங்குன பொறவுதான் ஊருக்குத் தெரியும். இது மட்டும் வெளையாட்டுக்குச் சொல்லல தாயி.

சரி, இம்புட்டு நேரம் உன்னைக் கேலி பண்ணுனேனே, எங்க காலத்து எண்ணெய்க் குளியல் மட்டும் எதனால சொகமா இருந்துச்சு தெரியுமா? நல்லெண்ணெயா? சீயக்காயா? அதெல்லாம் பாதிதான். ஆம்பளைக்கு சனிக்கிழமைன்னு நாள் குறிச்சு, எண்ணெய் தேச்சவன் வெயில்ல அலையக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, தூரப் பயணம் போகக்கூடாதுன்னு அடுக்கடுக்கா விதி போட்டுவச்சான் பாரு, அவன்தான் கெட்டிக்காரன். முதலாளிட்ட லீவு கேட்டா முறைப்பான். "எண்ணெய் தேச்சிருக்கேன்"னா, "சரிடே, போயி நிழல்ல இரு"ம்பான். அதுக்குமேல மொளகு ரசம், பூண்டுத் தொவையல், சுடுசோறு. பின்ன உடம்பு ஏன் மினுங்காது?

பொம்பளைக்கு வெள்ளிக்கிழமைன்னு ஒரு நாள் குறிச்சாங்க. அன்னிக்கு என்ன நடக்கும்? விடியமுன்ன எந்திரிச்சு கெணத்துல தண்ணி எறைச்சு, வெறகு அடுப்புல அண்டாவை ஏத்தி, பிள்ளைக தலையிலயெல்லாம் எண்ணெய் வச்சு, ஒவ்வொண்ணா இழுத்துக் குளிப்பாட்டி, கடைசியா மிச்ச வெந்நியில தான் ஒரு முழுக்கு. ஈரத் தலையை முடிஞ்சுக்கிட்டு அடுப்படிக்குள்ள போனா, சாயந்தரம்தான் வெளிய வருவா. அதே எண்ணெய், அதே சீயக்காய், ஆனா அந்தச் சொகம் அவளுக்கு எங்க இருந்துச்சு? குளியல்ல பாதி மருந்து அடுத்தவன் போட்ட வெந்நியில இருக்கு. மிச்சப் பாதி, குளிச்ச பொறவு யாரும் வேலை சொல்லாம இருக்கதுல இருக்கு. இந்த ரெண்டையும் எந்தக் கம்பெனியும் பாட்டில்ல அடைச்சு விக்கலை. வித்தா நானே வாங்கி ஆச்சிக்குக் குடுத்து நல்ல பேரு எடுத்திருப்பேன்.

அதனால மாப்பிள்ளை, அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டுச் சிரிக்காதீக, உங்களுக்குத்தான் சொல்லுதேன். தலைதீபாவளிக்கு இங்க வந்தப்ப விடியக்காலையில உங்களைப் பலகையில உக்கார வச்சு, எண்ணெய் வச்சு, வெந்நி விளாவி, மோதிரமும் போட்டு அனுப்புனோமே, மறந்துராதீக. மோதிரத்தைத் திருப்பிக் கேக்கல. வெந்நியைத்தான் கேக்கேன். வாரத்துல ஒரு நாளு நீங்க எந்திரிச்சு வெந்நி போடுங்க. பேத்தி தலையில நாலு விரலால எண்ணெயை அரக்கித் தேயுங்க. அவ போனைப் பிடுங்கி உங்க பையில வச்சுக்கிட்டு, பிள்ளையையும் தூக்கிக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிருங்க. எறங்கி வந்து ரசமும் வச்சிருங்க. மொளகைத் தட்டித்தான் போடணும், தூளு வாங்கிராதீக. அப்புறம் அவ தொட்டியில குளிச்சா என்ன, வாளியில குளிச்சா என்ன, மூஞ்சி தானா தெளிஞ்சு வரும்.

தப்பாம எல்லா வாரமும் செய்யணும் மாப்பிள்ளை, அப்பத்தான் கைப்பக்குவம் வரும். தை மாசம் பொங்கலுக்கு வாரதுக்குள்ள நல்லாப் பழகிட்டு வாங்க. எண்ணெய் தேய்க்க நல்ல ஆளு கெடைக்காம என் முதுகு ரொம்ப நாளாக் காத்துக்கிட்டு இருக்கு.